தொட்டியா, பாத்தியா: மேடவாக்கம் புழக்கடையில் மூன்று மேட்டுப்பாத்திகள்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மேடவாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில் மூன்று மேட்டுப்பாத்திகளை, அதாவது தரைமட்டத்துக்கு மேலே மண்ணை உயர்த்திச் செடி வளர்க்கும் பாத்திகளை, அமைத்தோம். அதே ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. அந்த மழைக்குப் பிறகு, காசு அதிகம் செலவழித்துக் கட்டிய பாத்தியில் செடிகளின் வேர்கள் அழுகின. பழைய செங்கல்லால் கட்டியதன் சுவர் புடைத்து விரிந்தது. சுவரே இல்லாமல் மண்ணை மட்டும் குவித்து வைத்த மூன்றாவதோ ஓரம் சற்றுக் கரைந்ததைத் தவிர வேறு குறையின்றி நின்றது. ஒரே முற்றத்தில், ஒரே மண்ணை நிரப்பி, ஒரே மழையில் நனைந்த மூன்று பாத்திகள் மூன்று விதமாக நடந்துகொண்டதன் காரணங்களை ஆராய்ந்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் தேவையும்

மேடவாக்கத்தை ஒட்டிக் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் விளிம்பில் வளர்ந்த குடியிருப்புகளில் தோட்டம் போட நினைக்கிறவர் முதலில் சந்திப்பது களிமண்ணைத்தான். எங்கள் மனையில் மேலே அரையடிக்கு வீடு கட்டியபோது கொட்டிய இடிபாடும் சிமென்ட் கட்டிகளும், அதற்குக் கீழே கறுத்த களியும் இருந்தன. ஓரடி ஆழத்துக்குக் குழி பறித்து, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் மாலையில் நிரப்பிவைத்துப் பார்த்தபோது, மறுநாள் காலையில் குழியில் 7 அங்குல உயரத்துக்கு நீர் அப்படியே நின்றது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், தரைமட்டத்தில் நடும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் இங்கே என்ன நேரும் என்பது தெளிவு. நீரில் நிற்கும் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்று இல்லாத வேர் நீரை உறிஞ்சாது. எனவே ஈரத்திலேயே நின்றாலும் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது காரணம் என் அம்மாவின் முழங்கால். மதுராந்தகம் பக்கத்தில் பிறந்து, நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்தவருக்கு எழுபது வயதைக் கடந்த பிறகு தரையில் குனிய முடியவில்லை. பாத்தியின் உயரம், அகலம் பற்றி நான் இணையத்தில் தேடிக் குறித்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: “உயரம் என்னவா வேணா இருக்கட்டும்டா, ஓரத்துல குந்துறதுக்கு எடம் வேணும்.”

கட்டிய விதம்

புழக்கடை கிழக்கு மேற்காக 30 அடியும், வீட்டுச் சுவரிலிருந்து வடக்கே மதில் வரை 15 அடியும் கொண்டது. வீட்டுச் சுவரிலிருந்து 3 அடி தள்ளித் தொடங்கி, ஒவ்வொன்றும் தெற்கு வடக்காக 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உடைய மூன்று பாத்திகளுக்கு இடம் குறித்தோம். நான்கு அடிக்கு மேல் அகலம் வைக்கக் கூடாது என்பதற்கு எளிய காரணம் உண்டு: ஒரு பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினால் சிரமமில்லாமல் எட்டுவது இரண்டடிதான். எட்டாத நடுப்பகுதிக்காகப் பாத்திக்குள் கால் வைக்க நேர்ந்தால், மண் இறுகி, உயர்த்திக் கட்டிய பயனில் பாதி போய்விடும்.

முதல் பாத்திக்கு 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குலக் கனம் கொண்ட சாலிட் பிளாக்குகளை (உள்ளே துளையில்லாத கான்கிரீட் கற்களை) இரண்டு வரிசை வைத்துக் கட்டினோம். கலவையோடு சேர்த்து உயரம் ஏறத்தாழ 17 அங்குலம் வந்தது. அடியில் 4 அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லைப் பரப்பி அதன்மேல் மண் நிரப்பினோம். இரண்டாவதற்குப் பக்கத்து மனையில் இடித்த வீட்டின் செங்கற்கள் கிடைத்தன. அவற்றை நாலரை அங்குலச் சுவராக, சிமென்ட் குறைவாகச் சேர்த்த கலவையில் அடுக்கினார்கள். உடைசல் தீர்ந்துவிட்டதால் அதன் அடியில் எதையும் பரப்பவில்லை. தரையைக் கடப்பாரையால் கொத்திப் புரட்டிவிட்டு மண்ணைப் போட்டோம். மூன்றாவதற்குச் சுவர் கட்டுவதற்குள் என் கையிருப்பும் கொத்தனாரின் நாட்களும் முடிந்துவிட்டன. அதைத் தரையைக் கொத்தி, சரிவான ஓரங்களோடு ஓரடி உயர மண் மேடாகவே விட்டு, ஓரத்தில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் பதித்தோம். இதைத் திட்டமிட்ட ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இதுவே.

மூன்றுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 160 கன அடி மண் தேவைப்பட்டது. லாரிக்காரர்கள் மண்ணை யூனிட் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. செம்மண் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற அளவில் கலந்தோம். சுவருக்கு ஆன செலவைவிட உள்ளே நிரப்பியதற்கு ஆன செலவே அதிகம் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

முதல் பாத்தி: சுவருக்குள் தேங்கிய நீர்

மிக்ஜாம் மழையில் புழக்கடையில் முக்கால் அடி நீர் மூன்று நாட்கள் நின்றது. நான்காம் நாள் முற்றம் வடிந்துவிட்டது. பாத்திகளின் மண்மட்டம் நீருக்கு மேலேயே இருந்ததால் தப்பித்தோம் என்றே நினைத்தேன். டிசம்பர் 9ஆம் தேதி காலையில் முதல் பாத்தியின் கத்தரிச் செடிகள் ஐந்தும் தலை தொங்கி நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. பழுப்பேறிய வேரை இரு விரல்களுக்கிடையில் வைத்து உருவினால், மேல்தோல் ஈர உறைபோலக் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வெளுத்த நரம்பு மட்டும் நூலாக மிஞ்சியது. அந்த இடத்தைக் கரண்டியால் தோண்டினேன். மேல் 8 அங்குலம் வரை மண் பொலபொலப்பாகவே இருந்தது. அதற்குக் கீழே நிறம் சாம்பலாக மாறி, அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. செங்கல் உடைசலை எட்டியபோது குழிக்குள் நீர் ஊறி மேலேறியது. முற்றத்தில் ஒரு சொட்டு நீர் இல்லை. பாத்திக்குள் மட்டும் கிணறு இருந்தது.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. முதலாவது, சுவரின் அடியில் நீர் வெளியேறத் துளை எதுவும் வைக்காதது. களிமண் தரையில் ஒரு குழி நீர் ஒரு இரவு முழுவதும் வடியவில்லை என்பதை நானே அளந்து பார்த்திருந்தும், அந்தத் தரையையே அடித்தளமாக வைத்து நாலாபுறமும் கலவை பூசிய சுவரை எழுப்பச் சொல்லியிருக்கிறேன். கொத்தனாரை வரவழைத்துக் காட்டியபோது அவர் சற்றும் தயங்காமல் கேட்டார்: “சார், நீங்க தொட்டிதானே கட்டச் சொன்னீங்க? ஒழுகக் கூடாதுன்னு உள்பக்கம் சிமென்ட் பால் வேற அடிச்சு விட்டேனே.” உண்மைதான். அவரிடம் பேசிய நாளெல்லாம் ‘செடித் தொட்டி’ என்றே சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லுக்கு ஒரு கொத்தனார் என்ன பொருள் கொள்வாரோ அதை அவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்திருந்தார்.

இரண்டாவது தவறு நுட்பமானது. இன்னும் பலர் நன்மை என்று நம்பிச் செய்துகொண்டிருப்பது. அடியில் ஜல்லியோ உடைசலோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற எண்ணம் பூந்தொட்டிக் காலத்திலிருந்து வருகிறது. நுண்ணிய துளைகள் கொண்ட மண், நீரைத் தன்னுள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அதற்குக் கீழே பெரிய இடைவெளிகள் கொண்ட உடைசல் வந்தால், மண்ணின் கீழ்ப்பகுதி முற்றிலும் ஊறி நிறையும் வரை நீர் அந்த இடைவெளிக்குள் இறங்காது. துவைத்துக் கொடியில் போட்ட வேட்டியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது: மேலே காய்ந்துவிட்ட பிறகும் கீழ்க்கரை நெடுநேரம் ஈரமாகவே தொங்கும்; கரைக்குக் கீழே இருப்பது வெறும் காற்றுதான் என்றாலும் அந்த ஈரம் சொட்டி விழுவதில்லை. பாத்தியில் அந்த ஈரக்கரை எங்கே அமைகிறது என்பதே கேள்வி. உடைசல் இல்லாவிட்டால் அது தரையோடு இருக்கும். 4 அங்குலம் உடைசல் போட்டதால் அதை நாம் 4 அங்குலம் மேலே தூக்கி, வேருக்கு அருகில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். 17 அங்குலப் பாத்திக்குக் காசு கொடுத்து, 8 அங்குலப் பாத்தியைப் பெற்றோம்.

நம் ஊர்ப் பாத்தி நீரை நிறுத்துவதற்காக வந்தது என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். வாய்க்காலிலிருந்து மடை திறந்து பாய்ச்சும் நீர் ஓடிவிடாதபடி சுற்றிலும் வரப்பு கட்டுவதே பாத்தி கட்டுதல். மேட்டுப்பாத்தி அதற்கு நேர் எதிரானது. நீரை விலக்குவதற்காக உயர்த்தப்படுவது. ஆகவே இராமநாதபுரத்தைப் போன்ற வறண்ட சீமையில், அதுவும் மணற்பாங்கான நிலத்தில், மேட்டுப்பாத்தி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே செடியைத் தாழ்வான பாத்தியில் நடுவதே முறை. உயர்த்தினால் விரைவில் காயும், நீர்ச்செலவு கூடும்.

இரண்டாவது பாத்தி: புடைத்த சுவர்

செங்கல் பாத்தியின் கிழக்குச் சுவர், நீளத்தின் நடுவில் ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி, மேல் விளிம்பிலிருந்து கோணலாக விரிசல் விட்டது. நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். நிரம்பிய பாத்தியில் அப்படி 55 கன அடிக்கு மேல் உள்ளது. அதாவது கிட்டத்தட்ட மூன்று டன். இந்த எடை முழுவதும் சுவரைத் தள்ளுவதில்லை என்றாலும், மண்ணின் பக்க அழுத்தத்தோடு தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்துகொண்டால், தன் எடையால் மட்டும் நிற்கும் நாலரை அங்குலச் சுவர் அதைத் தாங்க வழியில்லை. மூலைகளில் ஒரு சுவரை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. பத்தடி நீளத்தின் நடுவில் பிடிக்க எதுவும் இல்லை. புடைப்பு சரியாக நடுவில் வந்ததற்குக் காரணம் அதுவே.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாத்தியின் செடிகள் ஒன்றுகூடச் சாகவில்லை. விரிசல் வழியாகவும், கலவை உதிர்ந்த இடுக்குகள் வழியாகவும் நீர் வெளியேறிவிட்டது. அடியில் கொத்திவிட்ட தரை மேல்மண்ணோடு கலந்திருந்ததால் ஈரம் இடையில் தடைபட்டு நிற்கவும் இல்லை. கொத்திய தரையில் பெருச்சாளி வளை தோண்டிப் புகுந்தது மட்டும் இதற்கான தனிச் சங்கடம். பிறகு அடியில் அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலை விரித்தோம்.

மூன்றாவதான மண்மேட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்கு ஓரம் ஒரு சாண் அளவு கரைந்தது. மட்டைகளை நெருக்கிப் பதித்து, கரைந்த மண்ணை வாரிப் போட்டதோடு வேலை முடிந்தது. வேருக்குத் தேவை உயரம். சுவர் நமக்குத்தான் தேவை, உட்கார்வதற்கும் பார்வைக்கும். முழங்கால் வலி இல்லாதவர்கள் களிமண் நிலத்தில் முதல் ஆண்டு மண்மேட்டோடு தொடங்கிவிட்டு, சுவரைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம் என்பது என் கருத்து.

நிழல் கணக்கு

மழைக்குத் தொடர்பில்லாத ஒரு பிழையை மார்கழியில்தான் கண்டுகொண்டேன். மூன்று பாத்திகளிலும் வீட்டுச் சுவரை ஒட்டிய தென்பகுதிச் செடிகள் நெட்டையாக வெளிறி வளர்ந்தன. தக்காளி பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லை. உரக்குறை என்று நினைத்துப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். பலன் இல்லை. ஒருநாள் நண்பகலில் புழக்கடையில் நின்றபோது, பாத்திகளின் பெரும்பகுதி வீட்டின் நிழலில் கிடப்பதைப் பார்த்தேன்.

ஆனியில் இடம் பார்த்தபோது அங்கே நிழலே இல்லை. அதற்குக் காரணம் எளிது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்பதால், வீட்டின் வடபுறத்துக்கு நல்ல வெயில் கிடைக்கும். நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதை நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, அந்த நாட்களே இதன் இரு எல்லைகள். மீதி எட்டு மாதங்களும் நண்பகல் நிழல் வடக்கே விழும். டிசம்பர் 22ஐ ஒட்டி, நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை உயரமே எழுகிறது. அப்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளம் இருக்கும். கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரமுள்ள எங்கள் வீட்டின் நிழல் பத்தடியைத் தாண்டி விழுந்தது. பாத்திகள் சுவரிலிருந்து 3 அடி முதல் 13 அடி வரை நீள்வதால், கடைசி மூன்றடிக்கு மட்டுமே நண்பகல் வெயில் எட்டியது. ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர் ஆடி வெயிலைப் பார்த்து இடம் தேர்ந்தால், அறுவடைக் காலத்து வெயில் வேறாக இருப்பதை மறந்துவிடுகிறார்.

கட்டிய பாத்தியை நகர்த்த முடியாது. எனவே பயிரை மாற்றினோம். தென்பகுதிக்குப் புதினா, மணத்தக்காளி, மஞ்சள் ஆகியவை சென்றன. வடக்கு ஓரம் தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒதுக்கப்பட்டது.

தாழ்ந்த மண், மஞ்சளித்த இலை

தைப் பொங்கலுக்குள் மூன்று பாத்திகளிலும் மண்மட்டம் 4 அங்குலம் இறங்கிவிட்டது. தொழுவுரமும் நார்க்கழிவும் மட்கிச் சுருங்குவதால் இது நிகழ்ந்தே தீரும். நார்க்கழிவில் நான் செய்த பிழை வேறு: கயிற்றுத் தொழிற்கூடத்திலிருந்து வந்த பச்சைக் கழிவை அப்படியே கலந்துவிட்டேன். அதில் தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) நூறு மடங்குக்கும் மேலாகக் கரிமம் (கார்பன்) இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முதல் இரண்டு மாதங்கள் கீரையின் அடி இலைகள் மஞ்சளித்ததற்கு அதுவே காரணம். சிப்பிக் காளான் வித்தும் சிறிது யூரியாவும் சேர்த்து மட்கவைத்த கழிவையோ, உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிய கழிவையோ வாங்குவதே முறை. இரண்டில் மட்கியதற்கே என் வாக்கு.

மாடிக்கு ஒரு எச்சரிக்கை

எங்கள் பாத்திகளைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், இதே சாலிட் பிளாக் பாத்தியை மொட்டை மாடியில் கட்டக் கொத்தனாரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றரை அடி ஆழ ஈர மண் சதுர அடிக்கு 75 கிலோ. சதுர மீட்டருக்கு 800 கிலோ. நடமாட்டம் உள்ள மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் புறச்சுமை (தளத்தின் சொந்த எடை போக அதன்மேல் ஏறும் சுமை) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஐந்து மடங்கு. அவர் இப்போது நார்க்கழிவு நிரப்பிய பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, உத்திரங்களுக்கு மேலே வரும்படி இடைவெளி விட்டு வைத்திருக்கிறார். தரையில் செய்ததை மாடிக்கு ஏற்றுகிறவர் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது.

2024இல் செய்த மாற்றங்கள்

மாசியில் முதல் பாத்தியின் மண்ணை வெளியே வாரி, செங்கல் உடைசலை முழுவதுமாக அள்ளி எடுத்தோம். களித்தரையை முக்கால் அடிக்குக் கொத்தி, மட்கிய எருவோடு புரட்டினோம். சுவரின் அடியில் தரையை ஒட்டி இரண்டடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, முக்கால் அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகச் செருகி, உள்வாயில் தேங்காய் நாரை அடைத்தோம். கட்டும்போதே கலவையில் ஒரு துண்டுக் குழாயை வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு, துளையிடும் எந்திரத்தோடு ஆள் வந்து அரை நாள் ஆனது. இரண்டாவதன் நீண்ட சுவர்களைப் பிரித்து ஒன்பது அங்குலச் சுவராக, இந்த முறை ஆறு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமென்ட் கலவையில் எழுப்பினோம். கலவை இறுக ஏழு நாள் சுவரை நனைத்து நீராற்றிய பிறகே மண் நிரப்பினோம். ஒன்பது அங்குல மேல்விளிம்பு அம்மாவுக்குக் குந்த வசதியாக அமைந்தது. ஆறு அங்குல பிளாக் விளிம்பில் உட்கார்ந்தால் தொடை வலிக்கிறது என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் காதில் வாங்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கேயும் நாள் முழுவதும் மழை கொட்டியது. மழை நின்ற மறுநாள் முதல் பாத்தியின் குழாய்த் துண்டுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் கஷாய நிறத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு மூலையில் இருந்த ஒன்று மட்டும் அடைத்துக்கொண்டதால், ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன். ஐந்தாம் நாள் அதே இடத்தில் கரண்டியால் தோண்டினேன். அடிவரை மண் ஒரே நிறமாக இருந்தது; நாற்றம் இல்லை; கத்தரி வேர் வெள்ளையாக, இழுத்தால் பிடி கொடுத்தது. மண்மட்டம் மறுபடியும் 3 அங்குலம் இறங்கியிருந்தது. அதை ஈடுகட்ட அரை யூனிட் செம்மண்ணும் மட்கிய எருவும் சொல்லிவைத்திருக்கிறோம். லாரி தை பிறந்ததும் வரும்.